நெடுந்தீவுக்கு எந்த மின்சாரம்: டீசலா, கடலடிக் கேபிளா, கலப்பு முறையா?

யாழ்ப்பாணக் கடலிலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி பற்றறி. நான்காவதாக ஒரு எண்ணும் உண்டு: 2,500 கிலோவாட் காத்திருப்பு டீசல். வெயிலும் காற்றும் சேர்ந்தே 2,230 கிலோவாட்தான், டீசல் அதைவிடக் கூட. இதைப் பார்த்து "பிறகு எதற்கு இந்தத் திட்டம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பீட்டை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கணக்குக்கு ஒரு மாதிரித் தீவை எடுத்துக்கொள்வோம். சராசரிச் சுமை 100 கிலோவாட், மாலை ஏழு மணி உச்சம் 180, நாளொன்றுக்கு 2,400 கிலோவாட் மணி. எந்தத் தீவினதும் அளந்த எண் அல்ல இது, அளவு பிடிபடுவதற்கு மட்டும்.

டீசல்

250 கிலோவாட் மின்பிறப்பாக்கி முக்கால் சுமையில் ஓடினால் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.28 லீற்றர் குடிக்கும். கால் சுமையில் அதுவே 0.35 ஆகிவிடும். நம் மாதிரித் தீவுக்கு நாளொன்றுக்கு 700 லீற்றர், அதாவது மூன்றரை பீப்பாய். அவ்வளவும் படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்து இறங்குதுறை வேலை நிற்கும் நாட்களுக்காகப் பதினான்கு நாள் இருப்பு வேண்டுமென்றால் 10,000 லீற்றர்த் தாங்கி தேவை.

செலவைவிடப் பெரிய தொல்லை இரவு இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. சுமை 50, 60 கிலோவாட்டுக்கு இறங்கும்போது பெரிய எஞ்சின் சூடேறாமலே ஓடும். எரியாத எண்ணெய் புகைக்குழாயில் கறுப்பாகக் கசியும், சிலிண்டர்ச் சுவர் பளபளப்பேறி பிஸ்டன் வளையங்கள் பிடிக்காமல் போகும், எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது என்பது இதனால்தான். தீர்வு எளியது, ஆனால் கொள்முதலில் அடிக்கடி தவறிப்போவது: 250 ஒன்றை வாங்காமல் 60, 100, 100 என்று மூன்று வாங்கி, சுமைக்கேற்பத் தானாகச் சேர்ந்தும் விலகியும் ஓடவிடுவது. பராமரிப்பு வேலை குறையாது. 250 மணிக்கொருமுறை எண்ணெய் மாற்றவேண்டிய எஞ்சின் இரவும் பகலும் ஓடினால், பத்து நாளைக்கொருமுறை அந்த வேலை வரும்.

எண்ணெய்க் கசிவின் ஆபத்தை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. தீவுகளின் நிலை அதைவிட மோசம். சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர்தான் அங்கே கிணற்று நீர். மேலே சிந்தியதைப் பிடித்துவைக்க மண் ஆழமில்லை. தாங்கியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும் கொங்கிரீட் தொட்டி கட்டாயம். தொட்டிக்குள் சேரும் மழைநீரை வெளியேற்றும் வால்வு எப்போதும் பூட்டியே இருக்கவேண்டும். திறந்து கிடந்தால், தொட்டியில் சிந்திய எண்ணெய் அதன் வழியே வெளியேறிவிடும்.

கடலடிக் கேபிள்

காரைநகரும் புங்குடுதீவும் தாம்போதிப் பாதைகளால் இணைந்திருப்பதால் அங்கே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் போதும். அதே மின்சாரத்தைக் கடலுக்கு அடியால் நெடுந்தீவுக்குக் கொண்டுபோகலாமே என்பது நியாயமான கேள்வி. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. எரிபொருள் வேண்டாம், இரவும் பகலும் ஒரே மின்சாரம், வேலைக்கு ஆளும் குறைவு.

முதல் சிக்கல் மின்னியல் சார்ந்தது. கேபிள், மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு நீண்ட கொள்ளளவி (capacitor) போல நடக்கும். 33 கிலோவோல்ட்டில் 10 கிலோமீற்றர் கேபிள், சுமையே இல்லாதபோதும் ஏறத்தாழ 700 கிலோவார் (வேலை செய்யாமல் கம்பியில் போய்வரும் எதிர்வினை மின்திறன்) உருவாக்கும். 180 கிலோவாட் உச்சமுள்ள தீவுக்கு அது மலை. நடுஇரவில் தீவுப்பக்க மின்னழுத்தம் உயரும், அதை அடக்க, அந்தக் கிலோவாரை உறிஞ்சும் ரியாக்டர் என்ற கம்பிச்சுருள் வைக்கவேண்டிவரும். 11 கிலோவோல்ட்டில் அதே நீளத்துக்கு 100 கிலோவாரைத் தொடாது. 70 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 300 கிலோவாட் அனுப்பினாலும் மின்னழுத்த வீழ்ச்சி ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். சிறு தீவுக்கு 11 தான் சரி. கரைப்பக்க வழி 33 ஆக இருந்தால் நடுவில் ஒரு மின்மாற்றி வைத்தால் முடிந்தது.

இரண்டாவது சிக்கல் அவ்வளவு சுலபத்தில் தீராது. இந்தக் கடல் ஆழமற்றது, அடியில் பல இடங்களில் பாறை. கேபிள் கப்பல் உள்ளே வராது, அடி தட்டையான மிதவையில்தான் வேலை. ஒரு மீற்றர் புதைக்கவேண்டிய இடத்தில் பாறையை வெட்டவேண்டும், அல்லது வார்ப்பிரும்பு உறைத்துண்டுகளால் கேபிளை மூடவேண்டும். அதற்கு மேலே இழுவைமடி, அதாவது படகால் கடலடியோடு இழுக்கும் வலை. 2017 இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் நெடுந்தீவுக் கடலில் இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை என்பதை வலை அறுந்த ஒவ்வொரு கடற்றொழிலாளியும் சொல்வார். மடியை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகைகள் அடித்தளத்தைக் கிழித்துக்கொண்டு போகும். வலையை அறுப்பவை கேபிளை விடுமா? அறுந்தால் மூட்டுப்போடுபவர், மிதவை, அமைதியான கடல் மூன்றும் ஒரே நாளில் கூடவேண்டும். அதுவரை தீவு இருட்டில். ஆகவே கேபிள் போட்டாலும் தீவில் டீசலை வைத்திருக்கத்தான் வேண்டும்.

இங்கே நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒன்றாகப் பார்ப்பது பிழை. புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கூப்பிடு தூரம். அந்தச் சிறு இடைவெளிக்கு இரட்டைக் கேபிள் போடும் யோசனையைக் கைவிடக்கூடாது. நெடுந்தீவுக்கு நான் கேபிளைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கலப்பு முறை

நம் மாதிரித் தீவில் 500 கிலோவாட் சூரியப் பலகைகளைப் பத்துப் பாகைச் சரிவில் தெற்கு நோக்கி வைத்தால், இழப்புகள் போகச் சராசரியாக நாளொன்றுக்கு 2,000 கிலோவாட் மணி எதிர்பார்க்கலாம். நிலம் 20 முதல் 24 பரப்பு (ஒன்றேகால் முதல் ஒன்றரை ஏக்கர்). மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரையான 1,400 கிலோவாட் மணியைப் பற்றறிதான் தரவேண்டும். லிதியம் இரும்பு பொஸ்பேற்றில் 80 சதவீதம் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1,800 வேண்டும். ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 2,800. அதோடு 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமிலத்தின் ஆயுள் பாதியாகும். நம் வெக்கையில் அது மலிவான பொருளே அல்ல.

காற்றின் பங்கு பருவத்தோடு சேர்ந்தது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும். மார்ச், ஏப்ரலில் காற்று ஓயும், வெயில் கொளுத்தும். கார்த்திகை, மார்கழி மழைமூட்டத்தில் பலகைகள் பாதி கொடுத்தாலே பெரிது, வாடை ஓரளவு கைகொடுக்கும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் கூட்டத்தோடு மின்சுமை ஏறுவதும் சோளகக் காலத்தில்தான். வேகம் இரட்டித்தால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்கு என்பதால், அந்த வாரங்களில் காற்றாலை தன் விலையைத் திருப்பித்தரும். பாரந்தூக்கி கொண்டுபோக முடியாத இடத்துக்கு, கீழே சாய்த்து இறக்கிப் பழுதுபார்க்கும் கோபுரம் வாங்கவேண்டும்.

உப்புக்காற்றுக்கு அரைகுறை வேலை ஒத்துவராது. பலகை ஐ.ஈ.சி 61701 உப்புச் சோதனை தேறியிருக்கவேண்டும், இரும்புச் சட்டம் உருகிய நாகத்தில் தோய்த்து 85 மைக்ரோன் பூச்சுப் பெற்றிருக்கவேண்டும். அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத உருக்கு ஆணியை நேரே முறுக்கினால் அலுமினியம் அரிக்கும், நடுவில் இறப்பர் வளையம் போடவும்.

எல்லாரும் மறக்கும் இடம் உருகி (fuse), மின்னோட்டம் மிகுந்தால் அறுந்து வழியைத் துண்டிப்பது. பற்றறியின் நேர்மின்சாரத்தை வீடுகளுக்கான மாறுமின்சாரமாக்கும் கருவி இன்வேர்ட்டர். 200 கிலோவாட் இன்வேர்ட்டரின் முழு மின்னோட்டம் 290 அம்பியர். பழுதின்போதும் அதன் ஒன்றரை மடங்குக்கு மேல் தராது, ஏறத்தாழ 430. எங்கோ ஒரு கம்பியில் தென்னோலை விழுந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால், 200 அம்பியர் உருகி 430 இல் அறுவதற்கு நிமிடக்கணக்காகும். இன்வேர்ட்டர் சில வினாடிகளில் தன்னைக் காக்க நின்றுவிடும். ஓர் ஓலைக்காக முழுத்தீவும் இருட்டு. அதே அளவு டீசல் பிறப்பாக்கி தன் முழு மின்னோட்டத்தின் மூன்று மடங்கு வரை சில வினாடிகள் தாங்கித் தரும், உருகி அறும், அந்தத் தெரு மட்டும் போகும். பழைய வலையமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பற்றறியை மட்டும் இணைத்தால் இதுதான் நடக்கும். வழிகளைச் சிறிதாகப் பிரித்து 63, 80 அம்பியர் உருகிகள் போடவும். இன்வேர்ட்டரைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கவும். முடிந்தால் ஒரு பழைய பிறப்பாக்கியின் ஓல்ற்றர்னேற்றரை (மின்சாரம் பிறப்பிக்கும் பகுதியை) எஞ்சினிலிருந்து கழற்றி, வலையமைப்போடு இணைத்துச் சும்மா சுழலவிடவும், பழுது மின்னோட்டம் அங்கிருந்து வரும்.

நண்பகலில் பற்றறி நிரம்பினால் இன்வேர்ட்டர் அதிர்வெண்ணை 50 இலிருந்து 51, 52 ஹேர்ட்சுக்கு உயர்த்தும், அதைக் கண்டு சூரியப் பலகைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். வீணாகும் அந்த மின்சாரத்தில் உவர்நீரை நன்னீராக்குவதும், மீனுக்கு ஐஸ் கட்டுவதும் நடக்கவேண்டும். பம்புகளுக்கு, மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றும் மென்தொடக்கி கட்டாயம், நேரடித் தொடக்கத்தில் ஆறு மடங்கு மின்னோட்டம் கேட்டால் இன்வேர்ட்டர் விழும்.

மார்கழியில் மூன்று நாள் மூட்டம் போட்டால் பற்றறியால் பயனில்லை. பலகைகள் பாதி கொடுத்தாலும், நாளுக்கு 2,400 இல் மீதி 1,400 கிலோவாட் மணி காற்றிலும் டீசலிலுமிருந்தே வரவேண்டும். மூன்று தீவுகளின் திட்டத்தில் 2,500 கிலோவாட் டீசல் நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி சும்மா நிற்கும் எஞ்சின், தேவைப்படும் நாளில் கிளம்பாமல் விடுவது வழக்கம்: தொடக்கப் பற்றறி செத்திருக்கும், தாங்கியின் அடியில் நீர் சேர்ந்து எண்ணெயில் கசடு வளர்ந்திருக்கும். மாதம் ஒருமுறை, தீவின் உண்மைச் சுமையில், 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும். ஓட்டுமுன் தாங்கியின் அடிவால்வைத் திறந்து, நீர் வடிந்து தெளிந்த டீசல் வரும்வரை ஒரு வாளியில் பிடிக்கவேண்டும்.