தானா அணையுற கம்ப்யூட்டர்: மதர்போர்டு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பெங்களூர்ல கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்குற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். அல்சூர்ல இருக்குற எங்க அக்கா, ஃபேன் சத்தம் போடுதுன்னு டெஸ்க்டாப்பை எஸ்.பி. ரோட்டுல ஒரு கடையில கொடுத்தாங்க. அக்கா சேலம்னு தெரிஞ்சதும், "நம்ம ஊருப் பக்கம்தான்க்கா, நான் பாத்துக்கறேன்"னு தமிழ்லயே பேசியிருக்கான் அந்தப் பையன். சத்தம் நின்னுச்சு. ஆனா வீட்டுக்கு வந்ததுல இருந்து, ஆன் பண்ணிக் கொஞ்ச நேரத்துல மெஷின் தானா அணைய ஆரம்பிச்சுது. திரும்பக் கொண்டுபோனா, "மதர்போர்டு போச்சு, 9,000 ஆகும்"ங்கறான்.

அக்காவோட தையல் ஆர்டர் கணக்கு முழுக்க அதுலதான் இருக்கு. சேவ் பண்ணாத பில்லெல்லாம் போயிடுச்சுன்னு அழுதுட்டாங்க.

நான் போய் உக்காந்து பாத்தேன். அணையுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி, விண்டோஸ் அணையப்போகுதுன்னு திரையில அறிவிப்பு வருது. அங்கேயே சந்தேகம் வந்துடுச்சு. மதர்போர்டோ, கரண்ட் சப்ளை கொடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸோ போனா கரண்ட் கட்டான மாதிரி பட்டுனு அணையும், சொல்லிட்டு அணையாது. உடனே கமாண்ட் ப்ராம்ப்ட்ல (கட்டளை அடிக்கிற கருப்பு விண்டோ) "ஷட்டவுன் /ஏ" (shutdown /a) அடிச்சேன், அணையுறது நின்னுடுச்சு. அந்த ஒரு நிமிஷம் ஓடி முடியுறதுக்குள்ள அடிச்சாத்தான் இது வேலை செய்யும்.

அப்புறம் ஈவென்ட் வியூவர்ல, அதாவது மெஷின்ல நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறிச்சு வைக்கிற இடத்துல, சிஸ்டம் லாகைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை அணைஞ்சதுக்கும் 1074னு ஒரு பதிவு, அணைச்சது ஷட்டவுன்.இஎக்ஸ்இ, அதாவது விண்டோஸோட அணைக்கிற ப்ரோக்ராம்னு போட்டிருந்துச்சு. நிஜமாவே பவர் போயிருந்தா அங்க 41னு இருந்திருக்கும். குறிச்ச நேரத்துல வேலைகளைத் தானா ஓட்டுற டாஸ்க் ஷெட்யூலர்ல "அப்டேட்"ங்கற பேர்ல ஒரு வேலை ஒளிஞ்சிருந்துச்சு: லாகின் ஆன 20 நிமிஷம் கழிச்சு "ஷட்டவுன் /எஸ் /எஃப் /டி 60", அதாவது 60 செகண்ட்ல மெஷினை அணைன்னு கட்டளை. அந்த /எஃப் இருக்கே, அதுதான் திறந்திருக்குற எதையும் சேவ் பண்ண விடாம மூடுறது. அக்கா பில்லைத் தின்னது அதுதான்.

அந்த வேலையை உருவாக்கின தேதியும் அதே வரிசையில காட்டும். மெஷின் கடையில இருந்த நாள்! அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டேன், நீங்களும் எடுத்துக்கோங்க. அழிச்சதும் மெஷின் ஒழுங்கா ஓடுது.

கடையில கேட்டப்ப "வைரஸா இருக்கும்"னான். தேதியைக் காட்டினதும், சர்வீஸ் சார்ஜைத் தந்துடறேன், இதோட விட்டுடுங்கன்னான். வயித்தெரிச்சலா இருக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66ல இது குற்றம். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு.

தானா அணையுறதெல்லாம் ஏமாத்துன்னு நான் சொல்லல, சூடேறினாலும் அணையும். காசைக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஈவென்ட் வியூவர், டாஸ்க் ஷெட்யூலர் ரெண்டையும் திறந்து பாருங்க. நுகர்வோர் உதவி எண் 1915. அக்கா புகார் கொடுத்துட்டாங்க.