இளைஞரின் இதயத்துக்கு எந்த ஐசிடி: ரத்தக் குழாய் வழியா, தோலுக்கடியிலா?

குடும்பத்தில் தொடரும் இதய நோயால் திடீர் மரண அபாயம் உள்ள இருபது வயதுக்காரருக்கு ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும், உடலுக்குள் வைக்கும் கருவி) பொருத்தினால், அவர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அதனோடு வாழ வேண்டியிருக்கும். முதியவருக்குப் போடும் கணக்கை அவருக்கும் போடக் கூடாது.

பழைய வகையில் பேட்டரிப் பெட்டி காறை எலும்புக்குக் கீழே இருக்கும். கம்பி ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். சிக்கலே அந்தக் கம்பிதான். ஒவ்வொரு துடிப்பிலும் அது வளைந்து நிமிர்கிறது. விரிசல் விட்டால், அதில் எழும் மின் இரைச்சலை ஆபத்தான துடிப்பு என்றெண்ணிக் கருவி ஷாக் கொடுத்துவிடும். கிருமி தொற்றினால் நேரே ரத்தத்தில் கலக்கும். பல ஆண்டுகள் உள்ளே கிடந்த கம்பி குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், அதை உருவி எடுப்பதும் ஆபத்தான வேலை.

அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்ற தோலடி ஐசிடியில் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே இருக்கும். கம்பி மார்பெலும்பை ஒட்டித் தோலுக்கடியில் ஓடும். இதயத்துக்குள் எதுவும் நுழைவதில்லை. பெட்டி சற்றுப் பெரியது. ஒல்லியான உடலில் புடைத்துத் தெரியும்.

849 பேரிடம் நடந்த பிரிட்டோரியன் ஆய்வு (2020) இரண்டையும் ஏறத்தாழச் சமமாகக் காட்டியது: கருவிச் சிக்கலும் தேவையற்ற ஷாக்கும் சேர்த்துத் தோலடி வகையில் 15.1%, பழைய வகையில் 15.7%. ஆனால் அதில் பெரும்பாலோர் அறுபதை ஒட்டிய வயதினர். இளையவர்களுக்கும் மரபுவழி நோயாளிகளுக்கும் முக்கியத்துவம் தந்த கனடாவின் அட்லஸ் ஆய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் ஆறு மாதங்களில் கடுமையான கம்பிச் சிக்கல் பழைய வகையில் 4.8%, தோலடியில் 0.4%.

தோலடிக் கருவிக்கும் குறை உண்டு. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பையும் அடுத்து வரும் டி அலை பெரிதாக இருந்தால் அதையும் ஒரு துடிப்பாக எண்ணித் தவறாக ஷாக் கொடுக்கலாம். இதயத்தசை தடித்தவர்களுக்கு இந்தக் கவலை அதிகம். அதனால் பொருத்தும் முன் ஈசிஜி சோதனை கட்டாயம்.

இதயத்துக்குப் பேஸிங் (மெல்லிய மின் தூண்டலால் துடிக்க வைப்பது) தேவையா என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இதயத்தின் மின்னோட்டத்தைக் கெடுக்கும் மரபுவழி நோயான புருகாடாவில் பெரும்பாலும் நேரடியாக இதயம் நடுங்கத் தொடங்கிவிடும். ஷாக் ஒன்றே வழி. அங்கே தயக்கமின்றித் தோலடியைத் தேர்வேன். வலது கீழறைத் தசை சிதையும் ஏஆர்விசி நோயில் சீரான வேகத் துடிப்பு வரும்; அதை வேகமான பேஸிங்கால் ஷாக் இல்லாமலே அடக்க முடியும். துடிப்பு மிகவும் குறைந்துவிடும் நீள் க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்சார ரீதியில் மீளத் தாமதமாகும் நோய்) நோயாளிக்கும் பேஸிங் வேண்டும். இத்தகைய பேஸிங் தோலடிக் கருவியில் இல்லாததால், இவ்விருவருக்கும் பழைய வகையே பொருத்தம்.

கம்பியை மார்பெலும்புக்குப் பின்னால் வைக்கும் மூன்றாவது வகைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தக் குழாயைத் தொடாமலே வேகத் துடிப்பைப் பேஸிங்கால் அடக்கவும் அதனால் முடியும். ஐம்பது ஆண்டு வாழ்க்கைக்கு அதைப் பரிந்துரைக்க நீண்டகால முடிவுகள் இன்னும் வரவில்லை.