உரைகளைப் பதிவு செய்ய எது ஏற்றது: செல்போனா, பேச்சாளரின் லேப்டாப்பா, கேப்சர் கார்டா?

தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டில் உரைகளை வீடியோ எடுக்கும் பேச்சு வந்தாலே மூன்று யோசனைகள் அடிபடும். பின்வரிசையில் ட்ரைபாட் போட்டு செல்போனில் எடுத்துவிடலாம் என்பார் ஒருவர். பேச்சாளரே தன் லேப்டாப் திரையைப் பதிவு செய்து கொடுத்துவிடட்டும் என்பார் இன்னொருவர். கேப்சர் கார்டு (லேப்டாப்பிலிருந்து வரும் படத்தைப் பிடித்துப் பதிவுக்குக் கொடுக்கும் கருவி), கேமரா, ஒலி மிக்ஸர் எல்லாம் வைத்து ஒழுங்காகச் செய்வோம் என்பார் மூன்றாமவர். வராதவர்கள் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும் என்பதால், அவர்கள் பக்கமிருந்தே மூன்றையும் பார்க்கிறேன். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், ஸ்லைடைப் படிக்க முடிய வேண்டும், அப்புறம்தான் முகம். என் வரிசை இது.

செல்போனின் பெரிய பலம், எல்லார் கையிலும் இருப்பது. படமும் குறை சொல்லும்படி இருக்காது. ஆனால் ப்ரொஜெக்டர் திரை வெளிச்சத்துக்கு போன் தன்னைச் சரிசெய்துகொண்டால் பேச்சாளர் நிழலாகிவிடுவார். முகத்துக்குச் சரிசெய்தால் ஸ்லைடு வெறும் வெள்ளைப் பலகை. போனின் சொந்த மைக்கோ பேச்சைவிட பக்கத்து நாற்காலி இருமலை நன்றாகப் பிடிக்கும். இன்னொரு சங்கடம் எடிட்டிங்கில்தான் தெரியவரும். நொடிக்கு இத்தனை படம் என்ற ஃப்ரேம் வேகம் பல போன்களில் சீராக இருப்பதில்லை. தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியை ஆரம்பத்தில் கச்சிதமாகப் பொருத்தியிருப்போம். நாற்பதாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

அதற்குப் பதில் நல்ல ஸ்டில் கேமரா வைக்கலாமே என்றால், பழைய மாடல்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் பதியக்கூடியதை ஐரோப்பிய சுங்க விதி வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டதால் தயாரிப்பாளர்கள் வைத்த பூட்டு அது. 45 நிமிட உரையில் கடைசிக் கால் மணி நேரம் காணாமல் போவது இப்படித்தான்.

லேப்டாப் திரைப் பதிவில் ஸ்லைடு கண்ணாடி மாதிரி இருக்கும். ஓடவிட்டுக் காட்டும் கோடின் சின்ன எழுத்துகூட தப்பாது. ஆனால் இருபது பேச்சாளர் என்றால் இருபது லேப்டாப், இருபது விதமான அமைப்பு. பதிவு பட்டனை அழுத்த மறப்பவர் ஒருவர், ஃபைலை அப்புறம் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடுபவர் இன்னொருவர். கொஞ்சம் நடந்துகொண்டே பேசுபவர் என்றால் லேப்டாப் மைக்கில் குரல் போய்ப் போய் வரும். முதன்மைப் பதிவாக இதை நான் நம்ப மாட்டேன். காப்புப் பதிவாக இருந்தால் பாக்கியம்.

மூன்றாவது வழியில், லேப்டாப்பிலிருந்து ப்ரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ சிக்னலை நடுவில் கேப்சர் கார்டில் பிடித்து, கேமரா படத்தோடும் மைக் ஒலியோடும் அங்கேயே கலந்துவிடுவோம். இதற்கு ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளே போதும். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் சமூகத்தின் டெப்கான்ஃப் மாநாட்டில் தன்னார்வலர்களே கேமரா, ஒலி, இயக்கம் என்று பிரித்துக்கொண்டு வாக்டோமிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் கலக்கிறார்கள். உரை முடியும்போதே வீடியோவும் ஏறக்குறைய முடிந்துவிடும். மிச்சம் தலையையும் வாலையும் வெட்டுவதுதான். அந்த வேலையையும் எஸ்ரிவ்யூ என்ற கருவி வழியாகப் பலருக்குப் பங்கிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபோஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு இரண்டே நாளில் நூற்றுக்கணக்கான உரைகளைப் பதிவதும் இதே கருவியின் துணையோடுதான். மாநாடு முடிந்த மறுநாளே தன்னார்வலர் உற்சாகம் வடிந்துவிடும் என்பதை அனுபவத்தில் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதிலும் வில்லங்கம் இல்லாமலில்லை. சில லேப்டாப்கள் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டோடு சிக்னலை அனுப்பும். ப்ரொஜெக்டரில் படம் தெரியும், பதிவில் கருப்பு மட்டும் இருக்கும். காலையிலேயே ஒவ்வொரு பேச்சாளரையும் ஒரு நிமிடம் சொருகிப் பார்க்கச் சொல்வதே மருந்து. ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். வழக்கமான எம்பி4-இல் பதியும்போது நடுவில் மின்சாரம் போனால் முழு ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பிக்கும்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மேலே எந்த வழியை எடுத்தாலும் காலர் மைக் ஒன்று கட்டாயம். அரங்க மிக்ஸரிலிருந்து ஒயர் இழுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மிக்ஸருக்கு மைக் வழியாக வந்த குரல் மட்டும்தான் தெரியும். நாலாவது வரிசையிலிருந்து வரும் அருமையான கேள்வி பதிவில் அரை நிமிட மௌனமாகத்தான் இருக்கும், பிறகு பேச்சாளர் "ஆமாம், அதுவும் சரிதான்" என்பார். கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும்படி பேச்சாளருக்கு நினைவூட்ட முன்வரிசையில் ஒருவரை உட்கார வையுங்கள்.

நேரலை வேண்டுமா என்பது தனிக் கேள்வி. முழு எச்டிக்கு நொடிக்கு நாலைந்து மெகாபிட் அப்லோடு விட்டு விட்டு வராமல் சீராக வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் தொற்றிக்கொண்டிருக்கும் வைஃபையில் அது நடக்காது, தனிக் கேபிள் வேண்டும். இணையத்தில் வரும் கேள்விகளை அரங்கில் எழுப்ப ஒரு ஆள் இருந்தால் நேரலைக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து வலையேற்றினாலே போதும், பார்ப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை.

கூலிக்கு ஒளிப்பதிவுக் குழு அமர்த்துவதும் உண்டு. படம் அழகாக வரும், ஆனால் பேச்சாளர் திரையைக் காட்டி விளக்கும் நேரத்தில் கேமரா அவர் முகத்திலேயே நிற்கும்.

ஒரே அரங்கு, மூன்று தன்னார்வலர் என்றால் நான் கேப்சர் கார்டு ஒன்று, காலர் மைக், ஓபிஎஸ் ஓடும் ஒரு லேப்டாப் என்று போவேன். முகத்துக்கு அந்தச் செல்போனே போதும். மூன்று நான்கு அரங்குகள், கையில் ஆளோ குறைவு என்றால் எல்லாவற்றையும் அரைகுறையாக எடுப்பதைவிட ஒரு அரங்கை மட்டும் உருப்படியாக எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்லைடும் காலர் மைக் ஒலியும் மட்டும் வெளியிடுவேன். எப்படி எடுத்தாலும் ஒரு மணி நேரப் பதிவு பல ஜிபி இடம் பிடிக்கும். வெளியிடச் சம்மதமா என்பதைப் பேச்சாளரிடம் பெயர் பதியும் படிவத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மேடையிலிருந்து இறங்கியபின் கேட்டால் சிலர் தயங்குவார்கள், எடுத்ததெல்லாம் வட்டிலேயே தூங்கும்.