பட்டாளத்துக்காரர் மனைவிக்கு நர்சிங்: எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த வேலை?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போனால் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் அல்லது இருந்திருப்பார். அதே வேலூரில்தான் சிஎம்சி இருக்கிறது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல் முதன்முதலாகத் தொடங்கிய இரண்டு இடங்களில் அது ஒன்று, இன்னொன்று டெல்லி. ராணுவமும் நர்சிங்கும் இவ்வளவு அருகருகே இருக்கும் ஊரில்கூட, ராணுவ வீரரைக் கட்டிக்கொண்ட பெண் நர்சிங் படிக்க நினைத்தால் சரியான வழி சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒன்று சொல்வார். கணவரின் யூனிட்டில் யாரோ வேறொன்று சொல்வார்கள். வீட்டில் பெரியவர்கள் "அவன் சம்பளம்தான் வருதே, அப்புறம் எதுக்கும்மா?" என்பார்கள்.

நான் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா முடித்து, பிறகு அதைப் பட்டமாக்கும் போஸ்ட் பேசிக் படித்து, கணவரின் மாற்றல்களோடு வெவ்வேறு மாநிலங்களில் வார்டில் நின்றவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கேட்கும்போது நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: எது பெரிய படிப்பு என்று பார்க்காதீர்கள், எதை அறுபடாமல் முடிக்க முடியும் என்று பாருங்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கை வைத்துத்தான்.

சொந்த ஊரில் படிப்பதா, கணவர் இருக்கும் ஊரில் படிப்பதா?

குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனில் ஒரு போஸ்டிங் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு. பிஎஸ்சி நர்சிங் 4 ஆண்டு, ஜிஎன்எம் 3 ஆண்டு. கணவர் போய்ச் சேர்ந்ததும் குவார்ட்டர்ஸ் கிடைக்காது, வரிசையில் காத்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கையோ ஆண்டுக்கு ஒரு முறை. இந்த இரண்டும் சேர்ந்து முதல் ஆண்டைத் தின்றுவிடும். ஆக, ஒரே போஸ்டிங்குக்குள் படிப்பை முடிப்பது கணக்கிலேயே வராது.

சரி, பாதியில் கல்லூரி மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். மாநிலம் மாறினால் பல்கலைக்கழகம் மாறும், நர்சிங் கவுன்சில் மாறும். நடைமுறையில் அப்படி மாற்றல் கிடைத்தவர்களை நான் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் தபாலில் படிக்கவும் வழியில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி வகுப்பு வருகை 80 சதவீதம் வேண்டும். மருத்துவமனைப் பயிற்சி மணிநேரங்களை நூறு சதவீதமும் முடித்தால்தான் சான்றிதழ். கணவர் லீவில் வருகிறார் என்று ஒரு மாதம் விடுப்பு எடுத்தால், அந்த மணிநேரங்களைப் பின்னால் ஈடுகட்டியே ஆக வேண்டும்.

அதனால் என் பரிந்துரை சொந்த ஊர்தான். ஆனால் எப்போது தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கணவர் ஃபீல்டுக்கு, அதாவது எல்லைப் பக்கப் பணிக்கு, போகும் காலத்தில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. காஷ்மீரோ அருணாசலமோ, அந்த இரண்டு மூன்று ஆண்டு எப்படியும் பிரிவுதான். பெரும்பாலான பெண்கள் அப்போது மாமியார் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருப்பார்கள். ஃபீல்டு போஸ்டிங் வரும் ஆண்டிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டால், ஜிஎன்எம் படிப்பவர் கணவரோடு சேர்ந்திருக்கக்கூடிய காலத்தில் அதிகபட்சம் ஓர் ஆண்டை இழப்பார். பிஎஸ்சி என்றால் இரண்டு ஆண்டு வரை போகும்.

இது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பீஸ் போஸ்டிங்தான் கணவன், மனைவி, பிள்ளை மூவரும் ஒரு கூரையின் கீழ் இருக்கும் காலம். அதில் ஓர் ஆண்டை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு எனக்கே மனம் கனக்கிறது. குழந்தை கைக்குழந்தையாக இருந்தால் ஓர் ஆண்டு தள்ளிச் சேருங்கள். படிக்கும்போது பிரசவம் வந்தால் பேட்ச் தள்ளிப்போகும், அவ்வளவுதான், படிப்பு போய்விடாது.

ஜிஎன்எம்மா, பிஎஸ்சியா?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிஎஸ்சி நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, பொதுப் பிரிவினர் 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். இப்போது எட்டு செமஸ்டர். ஜிஎன்எம்முக்கு ஆங்கிலத்தோடு பிளஸ் டூவில் 40 சதவீதம் இருந்தால் போதும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை என்றாலும் கலைப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். வணிகவியல் குரூப் எடுத்து, பத்தொன்பது இருபது வயதில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு இந்த ஒரு வரிதான் வாசல்.

பிஎஸ்சியின் பலம் என்னவென்றால், முடித்த கையோடு எல்லாத் தேர்வும் திறந்துகிடக்கும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்சிக்காரர் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டு மற்றவர்களுக்குச் சாதாரணம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊர் மாறுகிற பெண்ணுக்கு அது மலை. 30 படுக்கை நர்சிங் ஹோமில் பார்த்த வேலை கணக்கில் வராது. இடையில் விட்டுப்போன மாதங்களும் வராது.

ஜிஎன்எம்மின் பலம் வேறு. 3 ஆண்டில் கையில் பதிவுச் சான்றிதழ் வந்துவிடும்; சம்பளம் வாங்கத் தொடங்கலாம். பிறகு வாய்ப்பு வரும்போது இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்தால் பட்டம் வந்துவிடும், அதன் பிறகு நார்செட்டில் அனுபவ நிபந்தனையும் கிடையாது. மொத்தம் ஐந்து ஆண்டு, பிஎஸ்சியை விட ஓர் ஆண்டு கூடுதல். ஆனால் அது மூன்றும் இரண்டுமாக உடைந்து நிற்கிறது. ஒரு ஃபீல்டு போஸ்டிங்கில் முதல் பாதி, அடுத்த ஃபீல்டு போஸ்டிங்கில் இரண்டாம் பாதி, நடுவில் கணவரோடு இருந்து வேலை. பட்டாள வாழ்க்கையின் தாளத்துக்கு இவ்வளவு பொருந்தும் படிப்பு வேறு எனக்குத் தெரியவில்லை. வேலையில் இருந்துகொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் போஸ்ட் பேசிக் இருக்கிறது. அதற்கும் பதிவும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். படிப்பு மூன்று ஆண்டு ஓடும்.

என் தீர்ப்பு: அறிவியல் பிரிவு, இருபதுகளின் தொடக்கம், இன்னும் பிள்ளை இல்லை, கணவர் இப்போதுதான் ஃபீல்டுக்குப் போகிறார் என்றால் பிஎஸ்சி. மற்ற எல்லோருக்கும் ஜிஎன்எம், பிறகு போஸ்ட் பேசிக். ஜிஎன்எம் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நடுவில் விட்ட பிஎஸ்சியை விட முடித்த ஜிஎன்எம் ஆயிரம் மடங்கு மேல்.

ஏஎன்எம் என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுதான். கிராம சுகாதார நிலையத்தோடு சேர்ந்த வேலை அது. கணவரோடு போகாமல் ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

ஓர் ஆண்டில் "நர்சிங் அசிஸ்டென்ட்" ஆக்குகிறோம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு வைத்திருக்கும் இடங்களுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் செவிலியராகப் பதிய முடியாது. பதிவு இல்லாமல் எத்தனை வருடம் ஊசி போட்டாலும் நீங்கள் செவிலியர் ஆக மாட்டீர்கள். கணவர் எல்லையிலிருந்து அனுப்பிய பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ராணுவமே வேலை கொடுக்காதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ராணுவ நர்சிங் சேவை, அதாவது எம்என்எஸ், இருக்கிறது. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் ராணுவ மருத்துவமனைகளோடு இணைந்த கல்லூரிகளில் 220 பேரை எடுத்து, பிஎஸ்சி படிக்க வைத்து, அதிகாரியாகவே ஆக்குகிறார்கள். மதிப்பான வழி. ஆனால் அந்தச் சேர்க்கை திருமணமாகாதவர்கள், விவாகரத்தானவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், பொறுப்புகள் இல்லாத விதவைகளுக்கு மட்டும். வீரரின் மனைவிக்கு அந்தக் கதவு இல்லை.

இதைப் பற்றிப் பேசும்போது செலினா ஜான் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. எம்என்எஸ் அதிகாரியாக இருந்தவர், ஒரு ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். திருமணத்தைக் காரணம் காட்டி 1988-ல் அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அதற்கு ஆதாரமாக இருந்த 1977-ஆம் ஆண்டு ராணுவ விதி 1995-ல் நீக்கப்பட்டது. வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுவிப்பு சட்டவிரோதம் என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ஒரு செவிலியரின் முழுப் பணிக்காலமும் நீதிமன்றப் படிக்கட்டில் கழிந்துவிட்டது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கைக்கு மோதிரம் ஒரு குறையா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிஎஸ்சியோ போஸ்ட் பேசிக்கோ முடித்தவர்களைக் குறுகிய கால கமிஷனில், அதாவது சில ஆண்டுகளுக்கு மட்டுமான எம்என்எஸ் அதிகாரிப் பணியில், எடுக்கும் அறிவிப்பு அவ்வப்போது வரும். ஜிஎன்எம் மட்டும் போதாது. வந்தால் வயதையும் திருமண நிலை பற்றிய வரியையும் முதலில் படியுங்கள். எடுத்தாலும் உங்களுக்கு ஒரு போஸ்டிங், கணவருக்கு ஒரு போஸ்டிங் என்றாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் பாலிகிளினிக்குகள் 2003 முதல் நடக்கின்றன. நாடு முழுக்க நானூறுக்கு மேல் உண்டு. நம் பக்கம் வேலூர், திருச்சி, மதுரை, கோவையிலும் இருக்கின்றன. வேலை ஒப்பந்தம்தான், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். ஆனால் பகல் வேலை, நைட் டூட்டி இல்லை, வருகிறவர்கள் நம் ஆட்கள். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மற்ற அரசு வேலைகள்

எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. ஆனால் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓபிசிக்கு மூன்று ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து ஆண்டு சலுகை. கல்யாணம், குழந்தை, பிறகு படிப்பு என்று வந்தவருக்கு இந்த வயது சீக்கிரம் கடந்துவிடும். தவிர, ஒவ்வோர் எய்ம்ஸும் தனி நிறுவனம். கணவர் மாறும்போதெல்லாம் ஒரு எய்ம்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

பலர் கவனிக்காத இடம் ரயில்வே. அங்கும் அதே சம்பள நிலை, பதிவு பெற்ற ஜிஎன்எம் போதும், வயது வரம்பு நாற்பதை ஒட்டி இருக்கிறது. பெரம்பூர், பொன்மலை தொடங்கி நாடு முழுக்க மருத்துவமனைகள். கணவன் மனைவி இருவரும் மத்தியப் பணியில் இருந்தால் முடிந்தவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று 2009-ல் வந்த மத்திய அரசு ஆணையைக் காட்டிக் கேட்கவும் இடமுண்டு. கேட்டதும் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் கேட்க ஓர் அடிப்படை இருக்கிறது. இஎஸ்ஐ மருத்துவமனைகளும் இதே வகைதான். எய்ம்ஸா ரயில்வேயா என்றால், பட்டாளத்துக்காரர் மனைவிக்கு நான் ரயில்வே என்றே சொல்வேன்.

தமிழ்நாடு அரசு வேலை எம்ஆர்பி என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம். ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று தொடங்கி, நிரந்தரத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. செவிலியர்கள் அதற்காகத் தெருவில் உட்கார்ந்து போராடியதை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் இதில் ஒன்று யோசிக்க இருக்கிறது. 2022-ல் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிடுவார். பிள்ளைகளின் கல்லூரிச் செலவு தொடங்கும் நேரத்தில் அவர் கையில் பென்ஷனும் செக்யூரிட்டி வேலையும்தான் இருக்கும். அப்போது உள்ளூரில் நிரந்தரமான வேலையில் மனைவி இருந்தால் வீடு நிமிர்ந்து நிற்கும். கணவரின் சர்வீஸ் இன்னும் ஐந்தாறு ஆண்டுதான் என்றால், எம்ஆர்பி தாராளமாக எழுதலாம்.

கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) பக்கத்துத் தனியார் மருத்துவமனை

சம்பளம் ஊருக்கு ஊர் மாறும், பல இடங்களில் குறைவு. ஆனால் கணவரோடு போய்க்கொண்டே வேலையில் தொடர இதுதான் வழி. முதல் சில மாதம் மொழி பாடாய்ப் படுத்தும். "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டீர்களா" என்ற வரைக்கும் இந்தி தெரிந்துகொண்டு போனால் மீதியை வார்டே கற்றுக்கொடுக்கும். 50 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையாகப் பார்த்துச் சேருங்கள். வேலையை விடும்போது படுக்கை எண்ணிக்கையும் தேதிகளும் போட்ட அனுபவச் சான்றிதழை வாங்காமல் லாரியில் சாமான் ஏற்றாதீர்கள்.

வெளிமாநிலத்தில் செவிலியராக வேலை பார்க்க அந்த மாநில கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்குத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்றும் சரிபார்ப்பும் போக வேண்டும். இது வாரக்கணக்கில் இழுக்கும், சில நேரம் மாதக்கணக்கிலும். அதனால் கணவருக்குப் போஸ்டிங் ஆர்டர் வந்த உடனேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் நேரத்தில் பதிவும் கையில் இருக்கும். வேலைக்குப் போகாத ஆண்டுகளிலும் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க 150 மணிநேரத் தொடர் கல்வி கணக்குக் காட்ட வேண்டும். அந்த வகுப்புகளை ஊரில் இருக்கும் காலத்திலேயே ஒவ்வொன்றாக முடித்து வைத்துவிடலாம்.