‘மணிக்கு 100 கிலோ’ என்று சொல்லி எனக்கு விற்ற மெசின்

களுவாஞ்சிகுடிப் பக்கம் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு தூள் வியாபாரம் செய்கிறேன். கொச்சிக்காய்த்தூள் (மிளகாய்த்தூள்), மல்லித்தூள், அரிசிமா. நான்கு வருடமாக எல்லாவற்றையும் சந்தி மில்லில் கொடுத்துத்தான் அரைப்பித்தேன். சித்திரை வருடம் நெருங்கினால் அங்கே பெரிய வரிசை. நமக்கு முன்னால் யாராவது மஞ்சள் அரைத்திருந்தால் நமது மாவிலும் மஞ்சள் மணக்கும். சரி, சொந்தமாக ஒரு மெசின் வாங்குவோம் என்று போன வருடம் சீட்டுக்காசை எடுத்தேன். அரைக்கும் மெசின் வாங்க நினைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பேஸ்புக்கில் வந்த விளம்பரம்தான் தொடக்கம். மணிக்கு 100 கிலோ, 3 எச்.பி. மோட்டார், 304 ஸ்டீல் (துருப்பிடிக்காத ஸ்டீல் வகை), நனைத்த அரிசியும் அரைக்கும் என்று போட்டிருந்தார்கள். கடையின் பெயரை நான் எழுதவில்லை. பெயரை மாற்றி இன்னொரு பக்கம் திறக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும், ஏமாற்றுகிற விதம்தான் மாறாது.

மச்சாளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். கடைத் தம்பி இரண்டு கைப்பிடி பச்சையரிசியைப் போட்டு மெசினை ஓட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “பாருங்க அக்கா, பவுடர்!” தொட்டுப் பார்த்தேன், பவுடர்தான். காய்ந்த அரிசி இரண்டு கைப்பிடி என்றால் எந்த மெசினும் பவுடராக்கும் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டிலிருந்து நனைத்த அரிசி ஐந்து கிலோ கொண்டுபோயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். விலை 245,000 ரூபா. பாதியை வங்கியில் போட்டேன், மீதியை மெசின் வந்து இறங்கியதும் கையில் கொடுத்தேன். கிடைத்த துண்டில் ‘கிரைண்டிங் மெசின் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. மொடல் இல்லை, மோட்டார் அளவு இல்லை, 100 கிலோவும் இல்லை.

முதல் வாரமே தராசையும் போன் மணிக்கூட்டையும் வைத்துப் பார்த்தேன். காய்ந்த அரிசி ஒரு மணி நேரத்தில் 17 கிலோ. கொச்சிக்காய் 11 கிலோ, அதுவும் தூள் கை சுடுகிற சூட்டில் வெளியே வந்து நிறம் மங்கிப்போனது. நனைத்து வடித்த அரிசியைப் போட்டபோது பத்து நிமிடத்தில் உள்ளே களியாகி அப்பிக்கொண்டது. மோட்டார் முனகியது, ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. வந்த கொஞ்ச மாவையும் அரிதட்டில் அரித்தால் பாதி கப்பி.

கடைக்குப் போன் எடுத்தேன். “உங்கட ஊர்க் கரண்ட் காணாது அக்கா.” அடுத்த தடவை, “அரிசியில ஈரம் கூட.” நனைத்த அரிசியில் ஈரம் இல்லாமல் வேறென்ன இருக்கும்! அதற்குப் பிறகு “ஆளை அனுப்புறம்”தான். தைப்பொங்கல் போனது, மாசி போனது, ஆள் வரவில்லை.

கடைசியில் சந்தி மில் பெரியப்பாவிடமே போனேன். அவருடைய மில்லை விட்டுவிட்டு மெசின் வாங்கியவள், வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு தண்டில் சின்னச் சின்ன இரும்புச் சுத்தியல்கள் தொங்கின, சுற்றிவர ஓட்டை ஓட்டையாக ஒரு சல்லடை. “இஞ்ச பாருகா மகள், இது அடிச்சு உடைக்கிற மெசின். சல்லடை ஓட்டைக்குள்ளால போற அளவுக்கு உடையும் மட்டும் சாமான் உள்ளேயே கிடந்து அடிபடும். ஓட்டை சின்னனெண்டா நேரமும் கூட, சூடும் கூட. ஈர அரிசி ஓட்டையை அடைச்சுப்போடும். அதுக்கு என்ட மில் மாதிரி ரெண்டு தட்டு உரசி அரைக்கிறது வேணும்.”

எனக்குத் தந்தது 0.6 மில்லிமீற்றர் சல்லடை. பெட்டிக்குள் கிடந்த துண்டுப் பிரசுரத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். 100 கிலோ என்ற கணக்கு அங்கேயும் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: சோளன், 3 மில்லிமீற்றர் சல்லடை. அதாவது கோழித்தீன் பருமனுக்குச் சோளனை உடைத்தால் வருகிற கணக்கை அரிசிமாவுக்குச் சொல்லி எனக்கு விற்றிருக்கிறார்கள். என்ன சாமான், எத்தனை மில்லிமீற்றர் சல்லடை என்று கேட்காமல் ‘மணிக்கு இத்தனை கிலோ’ என்பதை மட்டும் கேட்டு வாங்கியது என் பிழை.

வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் மீற்றர் வைத்துப் பார்த்தார். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 226. ஊர்க் கரண்டில் ஒரு குறையும் இல்லை. மோட்டாரில் ‘3 எச்.பி.’ என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவர் நகத்தால் உரித்தார். கீழே கம்பனித் தகட்டில் 1.5 கிலோவாட். ஒரு எச்.பி. 746 வாட், நீங்களே பிரித்துப் பாருங்கள், இரண்டுதான் வரும்.

304 ஸ்டீலும் அப்படித்தான். வெளித்தகடு பளபளவென்று இருந்தது. அரிசி படுகிற உள்பக்கமும் சுத்தியல்களும் சாதாரண இரும்பு. ஈர அரிசி போட்ட மறுநாளே துரு. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைக் கொண்டுபோனால் பசக்கென்று ஒட்டியது. அந்தக் காந்தத்தை மாவுக்குள் விட்டு எடுத்தால் கறுப்புத் தூள். அதை விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம். காந்தம் ஒட்டினால் அது 304 இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் அதை வைத்து நம்பிவிடாதீர்கள், மலிவான 201 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. எனக்கு நான்கு மாதம் கடந்திருந்தது. “ஆளை அனுப்புறம்” என்று இழுத்தடித்ததன் காரணம் அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது. கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நீங்கள் முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

இப்போது மத்தியஸ்த சபைக்குப் போட்டிருக்கிறேன். அந்த ஸ்டிக்கரையும், கடைத் தம்பி ‘நனைத்த அரிசியும் அரைக்கும்’ என்று சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அரிசியும் கொச்சிக்காயும் திரும்பச் சந்தி மில்லுக்கே போகின்றன. மெசின் பின் விறாந்தையில் நிற்கிறது. 3 மில்லிமீற்றர் சல்லடை ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு அண்ணன் தன் கோழிகளுக்குச் சோளன் கொண்டுவந்து உடைத்துக்கொண்டு போகிறார். மணிக்கு 60 கிலோ வருகிறது.