மேபோத்: ஜீலு வாங்கப் போறவங்க முழு நாள் ஒதுக்குங்க

ஈரான்ல யஸ்த் வரைக்கும் போறவங்க நிறைய பேரு பக்கத்துல இருக்கற மேபோத் ஊரை அரை நாள்ல முடிச்சிட்டு கிளம்பிடறாங்க, அது தப்புங்க. யஸ்துல இருந்து 50 கிமீ தான், நான் காலைல டாக்ஸி புடிச்சு போயிட்டு இருட்டினப்புறம் தான் திரும்பினேன், அப்பவும் பத்தல.

நான் போனதே ஜீலுங்கற தரை விரிப்பு வாங்கத்தான். ஷா அப்பாஸி சராய்னு பழைய வணிகர் சத்திரம் இருக்கு, நடுவுல முற்றம், சுத்தி அறைங்க, அதுலயே ஜீலு மியூசியமும் இருக்கு. ஜீலு பருத்தி நூல்ல நெய்யறது, பாரசீகக் கம்பளம் மாதிரி மெத்துமெத்துன்னு இருக்காது, நம்ம ஜமக்காளம் மாதிரி தட்டையா இருக்கும், பாலைவன வெயிலுக்கு அது தான் காலுக்கு குளுகுளுன்னு இருக்கு. தறி செங்குத்தா நிக்குது, ஒருத்தர் நெய்ய இன்னொருத்தர் பக்கத்துல நின்னு டிசைனுக்கான நூல் கொத்தை இழுத்து புடிக்கணும், ஒத்தை ஆளா செய்யற வேலையே இல்ல. முன்பக்கம் நீலத்துல வெள்ளைன்னா திருப்பிப் போட்டா வெள்ளைல நீலம், வாங்கறப்ப மறக்காம ரெண்டு பக்கமும் பாருங்க. மசூதிக்கு நெய்யறதுல ஆளுக்கு ஒண்ணா வளைவு வளைவா வரிசை போட்டு, யாரு தானமா குடுத்தாங்க, எந்த வருஷம்னு ஓரத்துல எழுத்தாவே நெய்ஞ்சிருப்பாங்க, அதைப் பார்த்துட்டே எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. 2018ல உலக கைவினை கவுன்சில் இந்த ஊரை ஜீலு நகரம்னு அறிவிச்சிருக்கு, சும்மா குடுக்கல.

வேற ஊர்ல ஒரு கடையில மெஷின்ல நெய்ஞ்சதை கைத்தறின்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க, அதனால சொல்றேன், தறியைப் பார்த்துட்டு அங்கயே வாங்குங்க. விசா, மாஸ்டர் கார்டு எதுவும் ஈரான்ல வேலை செய்யாது, கையில காசு வேணும். விலையை தோமான்ல சொல்வாங்க, நோட்டுல ரியால் இருக்கும், 10 ரியால் ஒரு தோமான், கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

சராய்க்கு எதிர்லயே மண் கும்மட்டம் போட்ட ஐஸ் வீடு. குளிர்கால ராத்திரில பக்கத்துல தண்ணிய தேக்கி உறைய விட்டு, வெட்டி உள்ள குழில சேத்து கோடைக்கு வச்சிருந்தாங்களாம். அப்புறம் நாரின் கோட்டை, புறாக் கூண்டு கோபுரம், எல்லாமே மண்ணு தான். கோட்டைக்கு சாயங்காலம் போங்க, மத்தியான வெயில்ல ஏற முடியல.

ஊர் நிர்வாகம் பத்தி விசாரிச்சப்ப தான் எனக்கு ஆச்சரியம். மேயருக்கு ஷஹர்தார்னு பேரு. ஷஹர்னா நகரம், தார்னா அதை வச்சு நடத்தறவர், நம்ம தாசில்தார், ஜமீன்தார்ல வர்ற அதே தார்! ஜனங்க ஓட்டு போட்டு ஷோரான்னு கவுன்சிலை தேர்ந்தெடுக்கறாங்க (இது நாடு முழுக்க 1999ல தான் ஆரம்பிச்சது), அந்த கவுன்சில் ஷஹர்தாரை தேர்ந்தெடுக்குது. அவருக்குத் தெரு, குப்பை, பூங்கா. மாவட்டத்துக்கு ஃபர்மான்தார்னு தனி அதிகாரி, அவரை அரசாங்கம் நியமிக்குது. தெருவெல்லாம் நல்ல சுத்தம், மண் சுவர் பக்கத்துல கூட குப்பை பார்க்கல.

குறைன்னா, நான் போனப்ப மத்தியானம் நிறைய கடை மூடிட்டாங்க, பீங்கான் கடையும் சேத்து. சூரியனுக்கு பொண்ணு முகம் வரைஞ்ச நீலத் தட்டு ஒண்ணு கண்ணாடி வழியா பார்த்து வச்சிருந்தேன், சாயங்காலம் தொறந்ததும் ஓடிப்போய் வாங்கிட்டேன். மொத்தத்துல ஊருக்கு என் மார்க் ஐஞ்சுக்கு நாலரை.