செக் ட்ரான்ஸ் விளக்கு: வொர்க்‌ஷாப்பா, ஸ்கேனரா, கியர் பட்டனா?

கியர்பாக்ஸில் கோளாறு என்று எச்சரிக்கும் ‘செக் ட்ரான்ஸ்’ விளக்கு எரிந்தால், காரணம் கண்டுபிடிக்க வொர்க்‌ஷாப்புக்குப் போவதா, கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவதா, கியர் மாற்றும் பட்டன் பலகையிலேயே படிப்பதா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கியர் பட்டன் கட்சி. எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பழைய டீசல் புஷர். எஞ்சின் பின்பக்கம், அதோடு ஆறு கியர் ஆலிசன் 3000 எம்எச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோ போகும் வழியில்தான் ‘செக் ட்ரான்ஸ்’ விளக்கு முதன்முதலாக எரிந்தது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் விளக்கு இல்லை. மூன்று வாரம் நல்லபிள்ளையாக ஓடியது. அப்புறம் ஒரு காலை, கேம்ப்கிரவுண்டில் சாவியைத் திருப்பிக் கிளம்பும்போதே மறுபடி எரிந்தது. நிலையாக எரிந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். வந்து வந்து போகிற விளக்குதான் ஆளைத் தின்கிறது.

வொர்க்‌ஷாப்புக்குத்தான் முதலில் போனேன், எல்லோரும் அப்படித்தான் போவார்கள். அவர்களிடம் இருக்கும் ஆலிசன் மென்பொருள் பெரிய பலம். ஒரு கோளாறு எத்தனை முறை வந்தது என்ற கணக்கு அதில் தெரியும், பட்டன் பலகையில் தெரியாது. ஆனால் எனக்கு நாள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. இரண்டு நாள் வைத்திருந்து ஓட்டிப் பார்த்தார்கள், விளக்கு எரியவில்லை. மெமரியிலும் ஒன்றுமில்லை. “ஒயரிங் ஹார்னஸாக (ஒயர் கட்டாக) இருக்கலாம், மாற்றிப் பார்ப்போமா?” என்றார்கள். ‘மாற்றிப் பார்ப்போமா’ என்ற வார்த்தை வந்ததும் பில்லைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டேன்.

மெமரி ஏன் காலியாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் வண்டியில் கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டர், டபிள்யூடெக் 3 கட்டுப்பாட்டுப் பெட்டி. அது கடைசி ஐந்து கோளாறுகளை வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கோளாறு திரும்ப வராமல், சாவியை அணைத்த எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் அதைத் தானே அழித்துவிடும். டீசல் போட, சாப்பிட, கழிவுத் தொட்டி காலி செய்ய என்று மோட்டார்ஹோமில் 25 முறை சாவி அணைய எத்தனை நாள் ஆகும்? நான் இரண்டு மாதம் கழித்துப் போய் நின்றேன். எனக்கு இந்த ஒரு விஷயமே போதுமானதாக இருந்தது. விளக்கு எரியும் நேரத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் அதைப் படிக்க வேண்டும். அது ஓட்டுநர்தான்.

ஸ்கேனரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. காரில் செருகும் மலிவான ப்ளூடூத் கருவி இதில் பொருந்தாது, எங்கள் வண்டியில் இருப்பது லாரிகளில் வரும் வட்டமான ஒன்பது பின் சாக்கெட். கேம்ப்கிரவுண்டில் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒருவரிடம் லாரிக் கருவியைக் கடன் வாங்கிச் செருகினேன். எஞ்சின் விவரம் கொட்டியது, கியர்பாக்ஸ் பக்கம் வாயே திறக்கவில்லை. விலை கூடின கருவி பேசுமாக இருக்கும்.

சரி, பட்டன் பலகைக்கு வருவோம். ஓட்டுநர் கைப்பக்கம் இருக்கிறதே, ஆர், என், டி என்று எழுதியது, அதற்குள்ளேயே ஒரு ஸ்கேனர் ஒளிந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் இழுத்து, மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒன்றாக அழுத்த வேண்டும். முதல் அழுத்தலில் ஆயில் அளவு. எஞ்சின் ஐடிலில், ஆயில் சூடாக இருந்தால், எட்டிலிருந்து ஒன்று வரை எண்ணிவிட்டுச் சரியா, குறைவா, கூடுதலா என்று சொல்லும். இரண்டாவது அழுத்தலில் கோளாறு எண்கள். இரண்டிரண்டு இலக்கமாக மாறி மாறி வரும், மோட் பட்டனைத் தட்டினால் அடுத்தது. அதே பட்டனைப் பத்து விநாடி பிடித்தால் பழைய எண்கள் அழிந்துவிடும், எழுதிக்கொள்ளாமல் பிடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. விளக்கு எரிந்ததும் நான் முதல்நாள் செய்தது போல எஞ்சினை அணைக்கக் கூடாது. கோளாறு அப்போதும் இருந்தால், திரும்பக் கிளப்பும்போது நியூட்ரலிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு. பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிப் போய், எஞ்சின் ஓடும்போதே எண்ணைப் படித்துவிட வேண்டும்.

மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது அப்படித்தான் செய்தேன். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்திப் படித்தால், 13 12. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும் மின்னழுத்தம் குறைவு என்று பொருள். அதாவது கியர்பாக்ஸ் மேல் குற்றமே இல்லை, அதற்குச் சோறு போகவில்லை!

அதற்குப் பிறகு தேவைப்பட்டது ஒரு மல்டிமீட்டர்தான். பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு முள்ளும் சேஸிஸ் இரும்பில் ஒரு முள்ளும் வைத்து, வீட்டம்மாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும், எனக்கு ஒன்றரை காட்டியது. எர்த் கேபிள் சேஸிஸில் சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையத்துக்கு) அடியில் துரு மாவு போல உதிர்ந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆன பிறகு முடுக்கினேன். ஆறு வருடம் ஆன சேஸிஸ் பேட்டரிகளையும் (எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிகள்) மாற்றிவிட்டேன். இரண்டில் எது நோயைத் தீர்த்தது என்று சத்தியம் செய்ய முடியாது, ஒரே நாளில் இரண்டையும் செய்த என் அவசரம். பதினான்கு மாதமாக விளக்கு எரியவில்லை.

ஃபோர்டு ஈ-450 போன்ற பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலகை கிடையாது. அங்கே ஃபோர்டு கோளாறு எண்களைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் செயலியும் ஒரு நல்ல அடாப்டரும் எப்போதும் செருகியே இருக்கட்டும், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆலிசனிலேயே 24 23 வந்தால், அது ஆயில் அதிகமாகச் சூடாகிவிட்டது என்று பொருள், பிரஷ் வேலைக்கு அடங்காது. ஆறவிட்டு, ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் பக்கம் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வொர்க்‌ஷாப்புக்கே போங்கள். போகும்போது எண், தேதி, அப்போது ஏற்றமா சமதரையா, ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம் என்று எழுதின நோட்டையும் கொடுங்கள். என் நோட்டு ஸ்டீயரிங் பக்கம் ரப்பர் பேண்டில் தொங்குகிறது, பேனாவோடு.